குப்பைக்கூடைக்கு அப்பால்

பத்திரிகைப் பணியில் எத்தனையோ பாடசாலைச் சிரமதானங்களைச் செய்தியாக்கியிருக்கிறேன். விளக்குமாறு ஏந்திய மாணவர்கள், நடுவில் பிரதம அதிதி, மறுநாள் பத்திரிகையில் படம். கூட்டிய குப்பை எங்கே போனது என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

கட்டுகஸ்தோட்டையில் அந்தக் கேள்விக்கு விடை தொலைவில் இல்லை. கண்டி நகரின் குப்பை நெடுங்காலமாகக் கொட்டப்பட்ட கொஹாகொடை மேடு, மகாவலிக் கரையை ஒட்டியே இருக்கிறது. மழை பெய்தால் அதிலிருந்து கசியும் கழிவுநீர் ஆற்றை நோக்கித்தான் இறங்கும்.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கும் ரெஜிபோம் உணவுப் பெட்டிக்கும் தடை வந்தது. சட்டம் வந்த வேகத்தில் பழக்கம் வரவில்லை.

பழக்கத்தை வகுப்பறையில்தான் தொடங்க வேண்டும். பச்சைக் கூடையில் உக்கும் கழிவு, நீலத்தில் கடதாசி, செம்மஞ்சளில் பிளாஸ்டிக் என்று நிறத்தை மனனம் செய்வித்தால் போதாது. ஒரு வாரக் குப்பையை மாணவர்களே நிறுத்துப் பார்க்கட்டும். உக்கும் கழிவைப் பசளையாக்கிப் பாடசாலைத் தோட்டத்தில் இடட்டும். சோற்றுப் பார்சலுக்குப் பதில் உணவுப் பெட்டி கொண்டுவரட்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளைகள் பிரித்துவைத்ததை ஒரே உழவு இயந்திரத்தில் கலந்து ஏற்றினால், அவர்கள் கற்பது வேறு பாடம். அதை எந்த ஆசிரியராலும் பின்னர் திருத்த முடியாது.