பாரிஸ் தோட்டத்தில் 11 விநாடி பறந்த பொம்மை விமானம்!

பாரிஸ் என்றதும் ஈஃபில் டவர் முன்னால் ஒரு செல்ஃபி, லூவர் மியூசியத்தில் மோனலிசா. பலருடைய லிஸ்ட் இதோடு முடிந்துவிடும். லூவரிலிருந்து வெளியே வந்து அப்படியே மேற்கே நடந்தால் துய்லரி தோட்டம். அனுமதி இலவசம். அங்குள்ள வட்டக் குளத்தில் குழந்தைகள் பொம்மைப் பாய்மரப் படகுகளைக் குச்சியால் தள்ளி விளையாடுவார்கள்.

2024 ஒலிம்பிக்கில் பலூனோடு வானில் ஏறிய தீபம் நினைவிருக்கிறதா? அது நின்றது இந்தத் தோட்டத்தில்தான். 1783 டிசம்பர் 1-ம் தேதி, மனிதரைச் சுமந்த முதல் ஹைட்ரஜன் பலூன் கிளம்பியதும் இங்கிருந்துதான். ஆனால், இங்கே நடந்த இன்னொரு பறத்தல் பலருக்கும் தெரியாது.

அல்ஃபோன்ஸ் பெனோ, கடற்படை அதிகாரியின் மகன். அப்பாவைப் போலவே கடற்படையில் சேர ஆசை. இடுப்பு எலும்பு நோய் அந்தக் கதவை மூடிவிட்டது. நடக்கச் சிரமப்பட்ட அந்த இளைஞரின் கவனம் வானத்தின் பக்கம் திரும்பியது.

1871 ஆகஸ்ட் 18. உள்நாட்டுக் கலவரத்தில் துய்லரி அரண்மனை எரிந்து மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. அந்தத் தோட்டத்தில், 21 வயது பெனோ ஒரு பொம்மை விமானத்தோடு வந்தார். எடை வெறும் 16 கிராம். இறக்கையின் நீளம் சுமார் 45 செ.மீ. முறுக்கிய ரப்பர்தான் இன்ஜின். கையைவிட்டதும் 11 விநாடிகள் நிலையாகப் பறந்தது!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? எட்டாம் வகுப்பில் நான் செய்த தெர்மாகோல் விமானம் மொட்டைமாடியிலிருந்து நேராகத் தெருவில் குத்தி விழுந்தது. இறக்கை சிறியதாகிவிட்டது என்று நினைத்தேன். அன்று எனக்குப் புரியாத விடை பெனோவின் பொம்மையில் இருந்தது.

நடுக்குச்சிதான் உடல். இறக்கை விமானத்தைத் தூக்கும். இறக்கையின் இரு முனைகளையும் சற்று மேலே வளைத்திருந்தார். பக்கவாட்டில் சாய்ந்தாலும் தானே நிமிரும். சுழலும் விசிறியைப் பின்னால் வைத்தார். முக்கியமானது வால். இறக்கையைவிடக் கொஞ்சம் கீழ்நோக்கிய கோணத்தில் அதைப் பொருத்தினார். மூக்கு கீழே போனால் வேகம் கூடும், காற்று வாலை அழுத்தும், மூக்கு மேலே வரும். ஓட்டுபவர் இல்லாமலே விமானம் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

பெரிய விமானம் கட்டவும் திட்டம் வரைந்தார் பெனோ. பண உதவி கிடைக்கவில்லை. 1880-ல், 30 வயதில் இறந்துபோனார். ஆனால், 1878-லேயே அவருடைய வடிவமைப்பில் வந்த ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றை, அமெரிக்காவில் ஓர் அப்பா தன் மகன்களுக்கு வாங்கிவந்திருந்தார். அந்தச் சிறுவர்கள், ரைட் சகோதரர்கள்!

பாரிஸ் போக முடியாவிட்டால் என்ன? மூங்கில் குச்சி, தெர்மாகோல் தட்டு, மூக்கில் ஒட்டக் கொஞ்சம் களிமண். இவை போதும். மெதுவாக வீசுங்கள். தலைகீழாகக் குத்தினால் களிமண்ணைக் குறையுங்கள். மூக்கைத் தூக்கி நின்று விழுந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். வாலைச் சரிபார்த்து மறுபடி வீசுங்கள்.

முதல் வீச்சிலேயே விழுந்தால் குட்டீஸைத் திட்டிவிடாதீர்கள்!