பல்லில் பட்ட குண்டு

கௌதாரிக் கறி என்று யாராவது சொன்னால், எனக்கு நாக்கில் எச்சில் ஊறுவதற்கு முன்னால் கடைவாய்ப் பல் கூசும்.

அது 1968. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல்தான். ஆகவே யாரும் போலீஸுக்கு ஓட வேண்டாம்! கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்கு நடுவில் எங்கள் ஊர். பெரியப்பாவிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி. குண்டும் வீட்டுத் தயாரிப்புதான். இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவார். ஆறினதை எண்ணி டப்பாவில் போடுவது என் உத்தியோகம். இரண்டு கையும் நிறைந்துவிட்டால்? வாயில் அடக்கிக்கொள்வேன்!

ராத்திரி கறிச் சோறு. 'நறுக்'கென்று பல்லில் ஒன்று மாட்டும். "யார் பல்லுல மாட்டுதோ அவன்தான்டா அதிர்ஷ்டக்காரன்" என்று பெரியப்பா தட்டிக்கொடுப்பார். நானும் நம்பினேன்.

போன மாசம் அக்கா மகன் டெக்சாஸிலிருந்து போன் பண்ணினான். காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை உழுதுவிட்டுப் போனதைச் சொல்லி அழுதேன். காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததையும் சொன்னேன். அவன் அங்கே லைசென்ஸ் வாங்கிப் பன்றி சுடுகிறவன்.

"நான் ஈயம் தொடுறதில்ல மாமா. முழுக்கச் செம்புத் தோட்டாதான்."

"ஏன் மாப்ளே, சம்பளம் கூடிருச்சோ?"

"சிரிக்காதீங்க. ரைபிள் வேகத்துல ஈயம் எலும்புல பட்டா தூள் தூளாச் சிதறும். கண்ணுக்கே தெரியாத துணுக்கு, காயத்தைத் தாண்டிக் கறிக்குள்ள போயிரும். செம்பு அப்படியில்ல. நம்ம பருத்திக்காய் வெடிச்சா இதழ் இதழா விரியும், ஆனா காம்பை விட்டு விழாதுல்ல? அது மாதிரி, மூக்குல இருக்கிற குழி விரிஞ்சு, எடை குறையாம ஆழமாப் போகும்."

"அப்போ குறையே இல்லையா?"

"இருக்கு. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், செம்பு 8.9 தான். அதே எடை வேணும்னா தோட்டா நீளமாகும். நீளமானதை நிலையாப் பறக்கவைக்க, குழல் அதை இன்னும் வேகமாச் சுழற்றணும். நீளத்தைக் குறைச்சா எடை போயிரும். காத்துல வேகம் சீக்கிரம் செத்துரும். பல ரகத்துக்கு விநாடிக்கு 550, 600 மீட்டர் வேகமாவது இல்லேன்னா விரியாது. ஊசிக் குத்து மாதிரி போயிரும். பன்னி ஓடிப்போய் எங்கேயோ துடிச்சுச் சாகும். அதனால எவ்வளவு தூரம் பறக்கும்னு பாக்கக் கூடாது மாமா, எவ்வளவு தூரம் வரைக்கும் விரியும்னு பாக்கணும்."

கலிபோர்னியாவில் காண்டோர் என்று ஒரு பெரிய பிணந்தின்னிக் கழுகு. 1982-ல் உலகத்திலேயே மிஞ்சியது 22. சுட்டுப்போட்ட மிருகங்களில் இருந்த ஈயம் அதைக் கொன்ற காரணங்களில் ஒன்று. 2013-ல் சட்டம் போட்டு, 2019 ஜூலையிலிருந்து அங்கே வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது என்றாக்கிவிட்டார்கள்.

கழுகுக்கே இந்தக் கதி என்றால், வாயில் குண்டு அடக்கின பயலுக்கு? குழந்தைகளுக்கு ஈயத்தில் 'பாதுகாப்பான அளவு' என்றே ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்கில் நான் வாங்கிய 17 மார்க்குக்கு இத்தனை வருஷமும் வாத்தியாரையல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!

பெரியப்பா மேல் கோபமில்லை. நல்ல துண்டாகப் பார்த்துப் பொறுக்கி, பாசத்தோடு என் தட்டில் வைத்தவர். அவருக்குத் தெரியாது. எனக்கு இப்போது தெரியும்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். பேத்திக்குப் பருப்பு தாளிக்க மருமகள் ஒரு கரண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பரண்ல கெடந்துச்சு மாமா. பழைய இரும்பு. உடம்புக்கு ரொம்ப நல்லதாம்ல!"

பெரியப்பாவின் கரண்டி.

அறுபத்தெட்டு வயசில் அவ்வளவு வேகமாக நான் பாய்ந்தது அதுதான் முதல் தடவை!