ஒரே வீட்டில் 800 பேர்!

மாமியாரும் மருமகளும் ஒரே அடுக்களையில் ஒரு வருஷம் சுமுகமாக இருந்துவிட்டால், அதையே ஊரார் அதிசயமாகப் பேசுகிற காலம் இது. ஒரே குலத்தைச் சேர்ந்த 800 பேர், ஒரே வாசல், ஒரே முற்றம் என்று தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் செய்த வீடுகள் உண்டு என்றால் நம்புவீர்களா? சீன தேசத்தின் தென்கிழக்கே, ஃபூஜியான் மாகாணத்து மலைகளுக்கு நடுவே அவை இன்றும் நிற்கின்றன. அதுவும் வெறும் மண்ணால் எழுப்பிய வீடுகள்! சீனர்கள் அவற்றைத் 'தூலோ' என்கிறார்கள். மண் மாளிகை என்று வைத்துக் கொள்ளலாம்.

ஷியாமென் என்ற துறைமுகப் பட்டணத்திலிருந்து மேற்கே பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரப் பிரயாணம். மூங்கில் காடும், தேயிலைச் சரிவும், படிப்படியாக இறங்கும் வயல்களும் மாறி மாறி வருகின்றன. ஒரு திருப்பத்தில் திடீரென்று, பூதம் ஒன்று கவிழ்த்து வைத்த அண்டாவைப் போல், பழுப்பு நிறத்தில் வட்டமாக ஏதோ தெரிகிறது. அதுதான் முதல் தூலோ.

இந்த வீடுகளைக் கட்டியவர்களில் பெரும் பகுதியினர் ஹக்கா ஜனங்கள். ஹக்கா என்றால் 'விருந்தாளிக் குடும்பம்' என்று அர்த்தம். யுத்தத்துக்கும் பஞ்சத்துக்கும் அஞ்சி, பல நூற்றாண்டுகளில் வடக்கேயிருந்து அலை அலையாகத் தெற்கே வந்தவர்கள் அவர்கள். பின்னால் வந்தவர்களுக்குச் சமவெளி கிடைக்குமா? மலைதான் கிடைத்தது. மலையில் புலி ஒரு பக்கம், கொள்ளைக்காரர்கள் ஒரு பக்கம். ஆகவே வீட்டையே கோட்டையாகக் கட்டிக் கொண்டார்கள். பக்கத்துத் தாலுக்காக்களில் ஹக்கா அல்லாத மின்னான் ஜனங்களும் இதே மாதிரி வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். பயம் எல்லோருக்கும் பொதுதானே!

ஹக்கா என்றதும் 'நூடுல்ஸ்' ஞாபகம் வருகிறவர்கள் சற்றுப் பொறுங்கள். அந்தப் பதார்த்தம் கல்கத்தாவில் குடியேறிய சீனர்கள் நம் நாக்குக்கு ஏற்பச் சமைத்துப் பழக்கியது. ஆனால் நமக்கு இந்த மலைகளோடு வேறோர் உறவு உண்டு. தலைவலி வந்தால் நெற்றியில் தடவிக் கொள்கிறோமே, புலிப் படம் போட்ட 'டைகர் பாம்', அதைப் பிரசித்தமாக்கிய ஆவ் பூன் ஹாவ் 1882-ல் ரங்கூனில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் இந்த மலைப் பக்கத்து யோங்திங் பகுதியிலிருந்து பர்மாவுக்குப் பிழைக்கப் போய் மருந்துக் கடை வைத்த ஹக்காக்காரர்.

இனி வீட்டுக்குள் போவோம், வாருங்கள். யோங்திங்கில் 'செங்சி லோ' என்று ஒரு வீடு. 1709-ல் கட்டி முடித்தது. தூலோக்களின் ராஜா என்று அதற்குப் பட்டம். 1986-ல் சீனத் தபால் தலையிலேயே இடம் பிடித்து விட்டது. ஜியாங் என்ற ஒரே குலத்தாருடைய வீடு இது. வெளி வட்டம் நாலு அடுக்கு. ஓர் அடுக்குக்கு 72 அறைகள் வீதம் 288 அறைகள். அதற்குள்ளே இன்னொரு வட்டம், அதற்குள்ளே மற்றொன்று, நட்ட நடுவில் மூதாதையரை வணங்கும் மண்டபம். அறைக்கு ஓர் இரவாகப் படுத்து எழுந்தால் முழுசாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம்!

சுவரைத் தொட்டுப் பார்த்தேன். கருங்கல் மாதிரி இருக்கிறது. மண்ணும் மணலும் சுண்ணாம்பும் கலந்து, பலகைகளுக்கு நடுவே கொட்டி, திமிசு போட்டு இடித்து இடித்து ஏற்றிய சுவர். முக்கியமான இடங்களில் பசை அரிசிக் கஞ்சியும் வெல்லமும் சேர்ப்பார்களாம். இரும்புக் கம்பிக்குப் பதில் உள்ளே மூங்கில் பட்டைகள். அடியில் ஐந்தாறு அடி கனம். 1934-ல் கிளர்ச்சிக்காரர்கள் ஒரு தூலோவுக்குள் புகுந்து கொண்டபோது, பட்டாளத்தார் 19 பீரங்கிக் குண்டுகள் போட்டுப் பார்த்தார்களாம். சுவரில் சிறு பள்ளம் விழுந்ததுதான் மிச்சம்!

கீழ் இரண்டு அடுக்குகளுக்கு வெளிப்பக்கம் ஜன்னலே கிடையாது. இருப்பது ஒரே பெரிய வாசல். அந்தக் கதவுக்கு எதிரி நெருப்பு வைத்தால், மேலேயிருந்து தண்ணீர் கொட்டி அணைக்க வழி செய்திருக்கிறார்கள். கிணறு உள்ளே, நெல் உள்ளே, கோழியும் பன்றியும் உள்ளே. மாதக் கணக்கில் கதவைச் சாத்திக் கொண்டு இருக்கலாம்.

பாகம் பிரித்த விதத்தைக் கேட்டால் நம் ஊர் வக்கீல்களுக்கு வருத்தமாக இருக்கும். வீட்டைக் கிடையாகப் பிரிக்கவில்லை; நெடுக்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தரையில் ஒரு சமையலறை, அதற்கு மேலே ஒரு களஞ்சியம், அதற்கும் மேலே படுக்கும் அறைகள். அண்ணனுக்குப் பெரிது, தம்பிக்குச் சிறிது என்பது இல்லை. பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவு, ஒரே கதவு. எல்லா அறைகளுக்கும் முன்னால் ஓடுவது ஒரே தாழ்வாரம். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் யாரோடு பேசவில்லை என்பதெல்லாம் காலை எட்டு மணிக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்!

பக்கத்து நான்ஜிங் தாலுக்காவில் 'நத்தைக் குழி' என்று பொருள்படும் ஒரு கிராமம். மலை மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு சதுர வீடு, சுற்றி மூன்று வட்ட வீடுகள், ஒரு முட்டை வடிவ வீடு. 'நாலு கறியும் ஒரு சூப்பும்' என்று வேடிக்கையாகச் சொல்கிறார்கள். நடுவிலுள்ள வீடு 1796-ல் கட்டியது. 1936-ல் கொள்ளைக்காரர்கள் கொளுத்தி விட்டார்கள். 1953-ல் அதே இடத்தில் அதே மாதிரி திரும்பக் கட்டி விட்டார்கள் அந்த ஜனங்கள்.

யுனெஸ்கோ 2008-ல் 46 தூலோக்களை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? செங்சி லோவின் முற்றத்தில் எங்கே பார்த்தாலும் கொடி பிடித்த வழிகாட்டியும் கூட்டமும்தான். ஜோடிப்புப் பிரமாதம், சிவப்பு விளக்குகள் தொங்குகின்றன. ஆனால் நிமிர்ந்து பார்த்தேன். மேல் அடுக்குகளில் கதவுக்குக் கதவு பூட்டு.

ஒரு சமையலறை வாசலில் தேயிலை விற்ற பாட்டி, விலை பேசுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளைகள் எங்கே என்று வழிகாட்டியின் மூலம் கேட்டேன். இருவரும் ஷியாமெனில் வேலை பார்க்கிறார்களாம். அடுக்கு மாடிக் கட்டடத்தில், குழாயைத் திருப்பினால் வெந்நீர் வரும் வீடு. "நீங்களும் அங்கே போகக் கூடாதா?" என்றேன். "போனேன். பத்து நாள் இருந்தேன். எதிர் வீட்டுக்காரியின் பெயர் தெரியவில்லை. திரும்பி வந்து விட்டேன்" என்றாள். பிறகு மேலே கையைக் காட்டி, "புது வருஷத்துக்கு எல்லோரும் வருவார்கள். அப்போது பாருங்கள், படிக்கட்டில் நடக்க இடம் இருக்காது" என்று சிரித்தாள்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியுமா? ராத்திரி அவசரத்துக்கு நாலாவது அடுக்கிலிருந்து இறங்கி வர வேண்டிய வீடு அது. ஆனால் மண் வீட்டுக்கு ஒரு குணம் உண்டு. கூரை ஓடு சரியாக இருக்கும் வரை, பீரங்கி வந்தாலும் சுவர் அசையாது. நாலு ஓடு நழுவி, மாற்ற ஆளில்லாமல் போனால் மழைத் தண்ணீர் உச்சியில் இறங்கிக் கரைக்க ஆரம்பித்து விடும். யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது 46 தான். பட்டியலில் இல்லாதவை இந்த மலைகளில் எத்தனையோ. வரும் வழியில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். பாதிக் கூரை இல்லை; உள்ளே வாழை முளைத்திருந்தது.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் போய் மாலையில் திரும்பி விடாதீர்கள். சில தூலோக்களில் அறை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். ஒரு ராத்திரி தங்குங்கள். கூட்டம் போன பிறகு பெரிய கதவைச் சாத்துவார்கள். ஓர் அடுப்பு புகையும். எங்கோ ஒரு குழந்தை அழும். எதிர்ப் பக்கத் தாழ்வாரத்திலிருந்து யாரோ சமாதானம் சொல்வார்கள். கிளம்பும்போது மறக்காமல் பாட்டியிடம் கால் கிலோ தேயிலை வாங்குங்கள். ஓடு மாற்றுகிறவனுக்குக் கூலி அதிலிருந்துதான் போக வேண்டும்.