குறி விழாத எண்கள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். வரம்பு மீறிய எண் மட்டும் தடித்த எழுத்தில். கண் அதைத்தான் தேடிப் போகிறது. மற்ற எண்களை யார் படிக்கிறார்கள்?

பிளேட்லெட் ஒரு பக்கத்தில். கல்லீரல் பரிசோதனையின் எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் வேறொரு பக்கத்தில். வயது எல்லாப் பக்கத்திலும்.

இவற்றைச் சேர்ப்பது ஃபிப்-4. 2006-இல் வந்த கணக்கு. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கு. பிளேட்லெட்டை, ஆயிரத்தை விட்டுவிட்டு, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கு. முதல் விடையை இரண்டாவதால் வகு.

1.3-க்குக் கீழே: கல்லீரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேலே: கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடுவில் நின்றால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன்.

முதலில் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து வந்தவர்களுக்காகப் போட்ட கணக்கு. இப்போது கொழுப்புக் கல்லீரலுக்கும்.

ஒரு கற்பனை ஆளுக்குப் போட்டுப் பார்த்தேன். வயது 56. எஸ்.ஜி.ஓ.டி. 39. எஸ்.ஜி.பி.டி. 25. பிளேட்லெட் 1,56,000. 40 வரை சரி என்று அச்சிடும் லேபில் ஒன்றுகூடத் தடித்து வராது.

2184-ஐ 780-ஆல் வகுத்தால் 2.8.

திரும்பப் போட்டேன். 2.8தான்.

பிளேட்லெட்டுக்கும் கல்லீரலுக்கும் என்ன உறவு? கல்லீரல் இறுகினால் அதற்குள் போக வேண்டிய ரத்தம் பின்னால் தேங்கும். மண்ணீரல் வீங்கும். பிளேட்லெட்டுகள் அங்கே அடைபடும். அவற்றை உண்டாக்கத் தூண்டும் ஹார்மோனும் கல்லீரலிலிருந்துதான் வருகிறது. அதுவும் குறையும்.

பிளேட்லெட் என்ற சொல்லைத் தெருவுக்குக் கொண்டுவந்தது டெங்கு. அந்தக் காய்ச்சலில் பிளேட்லெட் இறங்கும், எஸ்.ஜி.ஓ.டி. ஏறும். அந்த நாட்களின் ரிப்போர்ட்டை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது.

1954. எஸ்.ஜி.ஓ.டி.யை நியூயார்க்கில் முதலில் அளந்து பார்த்தது மாரடைப்புக்கு. இதயத்திலும் தசையிலும் அது உண்டு. ஜிம்மில் மாய்ந்து மாய்ந்து எடை தூக்கிவிட்டு மறுநாள் ரத்தம் கொடுத்தாலும் ஏறியிருக்கும்.

எஸ்.ஜி.பி.டி.க்கு ஒரு லேபில் 40 வரை சரி. இன்னொரு லேபில் 56 வரை. 2002-இல் ஓர் இத்தாலிய ஆய்வு: ஆணுக்கு 30, பெண்ணுக்கு 19 போதும். பழைய வரம்பை வகுத்தபோது ‘ஆரோக்கியமானவர்கள்’ கணக்கில் கொழுப்புக் கல்லீரல்காரர்களும் சேர்ந்திருந்தார்கள்.

“எஸ்.ஜி.பி.டி. இறங்கிடுச்சு.” நல்ல சேதியாக இருக்கலாம். சிதைவதற்குக் கல்லீரல் செல்களே குறைந்துபோனாலும் இறங்கும்.

“கிரேடு ஒன் ஃபேட்டி லிவர்தான், எல்லாருக்கும் இருக்கு.” ஸ்கேனில் கிரேடு சொல்வது கொழுப்பை. தழும்பை அல்ல.

“நான் குடிக்கிறதே இல்லையே.” சர்க்கரை உண்டா, இடுப்புச் சுற்றளவு என்ன என்று கேட்க வேண்டும்.

இடுப்பின் வரம்பு ஆணுக்கு 90 செ.மீ. பெண்ணுக்கு 80. ஒரு டேப் போதும். 2021-இல் மத்திய அரசு தொற்றா நோய்த் திட்டத்தில் கொழுப்புக் கல்லீரலையும் சேர்த்தது.

கண் மஞ்சளானால் பதறுகிறோம். கீழாநெல்லி தேடுகிறோம். கல்லீரல் இறுகி சிரோசிஸ் வந்த பிறகும் பல வருஷம் கண் வெள்ளையாகவே இருப்பவர்கள் உண்டு.

கீழாநெல்லி: 1988-இல் சென்னையிலிருந்து தியாகராஜன் குழுவின் கட்டுரை, லான்செட்டில், ஹெபடைடிஸ் பி பற்றி. பெரிய நம்பிக்கை. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஸ்காட்லாந்தில் டண்டீ. 2018 முதல் ஓர் ஏற்பாடு. கல்லீரல் எண் பிசகினால் அடுத்தடுத்த பரிசோதனைகளை லேபே அந்த ரத்தத்திலேயே செய்துவிடுகிறது. மறுபடி ஊசி குத்த வேண்டாம். மறுபடி வரச் சொல்லி, வராமல் போகிறவரும் இல்லை.

35 வயதுக்குக் கீழே ஃபிப்-4 சரியாக வராது. 65-ஐத் தாண்டினால் கீழ்வரம்பு 1.3 அல்ல, 2. வயது மேலே நின்று பெருக்குகிறதே.

டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்கு இதைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கம். நம் வீடுகளில் அவர்கள் பைலே வைத்திருக்கிறார்கள். எண்கள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன.

அக்காவிடம் பைலைக் கேட்க வேண்டும். காய்ச்சல் இல்லாத நாளின் ரிப்போர்ட்டாகப் பார்த்து. விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி அவள் டாக்டரிடம் கொடுக்க வேண்டும். 1.3-க்குக் கீழே வந்தாலும்.