வலது பக்கம் இழுத்தால்...

ஐஸ்க்ரீமுக்காகக் கண்டுபிடித்த யந்திரம் ஒன்று எங்கள் மாமாவின் வலது தோளைக் காவு வாங்கப் பார்த்தது என்றால் நம்புவீர்களா?

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் தன் காதலி பெஸ்ஸுக்காக வெயிலில் துடுப்புப் போட்டுப் போய் ஐஸ்க்ரீம் வாங்கி வந்தாராம். வருவதற்குள் அது பாயசம்! அந்த எரிச்சலில் பிறந்ததுதான் படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1909-ல் அவர் மோட்டார் விற்க ஆரம்பித்தது நிஜம். பெஸ்ஸைக் கல்யாணம் செய்துகொண்டதும், வியாபாரத்தின் கணக்குவழக்கை அந்த அம்மாள் கவனித்துக்கொண்டதும் நிஜம். (பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்த அம்மாள் மேல் தனி மரியாதை.)

அந்த மோட்டாரின் வம்சாவளியில் ஒன்று, முகத்துவாரக்குப்பத்தில் மாமாவின் ஃபைபர் படகில் தொங்குகிறது. கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலோடு கலக்கிற இடம் முகத்துவாரம். அதுவே ஊருக்கும் பெயர். ஆற்றுக்கு அக்கரையில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். இக்கரையில் அக்கா வாக்கப்பட்ட வீடு.

போன தடவை போயிருந்தபோது மாமா சட்டை மாட்டுவதைப் பார்த்தேன். வலது கையை இடது கையால் தூக்கிச் சட்டைக்குள் விட்டார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் கை மாதிரி.

"இன்னா மாமா இது?"

"போட்டு வலது பக்கமாவே இஸ்துகினு போவுது மச்சான். நாலு மணி நேரம் அத்த எதுத்துப் புடிச்சிகினே குந்தினா தோளு இன்னாத்துக்கு ஆவும்?"

அக்கா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்: "ராத்திரில திரும்பிப் படுக்க முடியல. மூணு மாசத்துல ஏழு பாட்டில் தைலம். படகை வித்துட்டு எங்கியாவது வாட்ச்மேன் வேலைக்குப் போறாராம். கேளு நீயே!"

சிரிக்கத்தான் பார்த்தேன். மாமா சிரிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் கட்டுமரத்தில் ஏறியவர். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையெங்கும் ஃபைபர் படகு பெருகியபோது அவரும் மாறினார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கேட்டைத் திறந்து மூடுகிற உத்தியோகத்தில் அவரை நினைத்துப் பார்க்க எனக்கே தொண்டையை அடைத்தது.

வலி மட்டுமில்லை விஷயம். முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டிக்கொண்டே வருகிறது. ஆழமான வழி குறுகல். இரண்டு பக்கமும் அலை உடையும். உடைகிற இரண்டு அலைக்கு நடுவில் படகை நேராக நுழைக்க வேண்டும். அந்த நேரத்தில் படகு தன்னிஷ்டத்துக்கு வலது பக்கம் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டினால் கவிழ வேண்டியதுதான். தோளில் தெம்பு இல்லாதவன் அங்கே போகக்கூடாது என்று மாமாவுக்கே தெரியும். வாட்ச்மேன் வேலை அங்கிருந்துதான் வந்தது.

"எப்போலேர்ந்து இப்படி?" என்று விசாரித்ததில் துப்புத் துலங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் ஆற்றுக்குள் வந்து சேர்ந்ததே, ஞாபகமிருக்கிறதா? படகு, வலை, கரை எல்லாம் கறுப்பு. தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். ஆனாலும் ஓரங்களில் கறை போகவில்லை. இந்த வருஷம் அக்கா மகன் ஒரு நல்ல நாள் பார்த்துப் படகுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறான். படகோடு நிறுத்தியிருக்கலாம். மோட்டாரின் அடியில் இருந்த குட்டித் தகடு கோணலாக இருந்ததாம். கழற்றி, அதற்கும் நீலப் பெயிண்ட் அடித்து, அழகாக நேர்ப்படுத்தி மாட்டிவிட்டான். தகடு நேராக இருந்தால்தானே படகு நேராகப் போகும்? நல்லெண்ணம்!

அந்தத் தகட்டுக்கு டிரிம் டேப் என்று பெயர். புரொப்பல்லருக்கு மேலே ஒரு படுக்கைத் தட்டு இருக்கும். அதன் அடியில் மீன் செதில் மாதிரி தொங்கும். கட்டை விரல் பெரிதாக இருந்தால் அதிகம். அது கோணலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. டிரில்லிங் மிஷினால் சுவரில் ஓட்டை போட்டவர்களுக்குத் தெரியும். அது சுவரை மட்டுமா துளைக்கிறது, நம் மணிக்கட்டையும் சேர்த்துத் திருகப் பார்க்கும். புரொப்பல்லரும் ஒரே பக்கமாகச் சுற்றுவதால் மோட்டார் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது மோட்டாரின் சாய்வு, வேகம், பாரம் இவற்றைப் பொறுத்தது. அந்த இழுப்பை எதிர்த்துத் தள்ளத்தான் இந்தத் தகடு. கணக்குப் பாஷையில் சொன்னால், பற்று ஒன்று எழுதியாகிவிட்டது, சரிக்குச் சரி வரவு எழுத வேண்டும். தகடு எழுதாவிட்டால் மாமாவின் தோள் எழுதுகிறது!

காசிமேடு பக்கத்தில் மோட்டார் ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். குப்பத்தில் எல்லாருக்கும் அவர் நைனா. எடுத்த எடுப்பில் தகட்டைத் தொடவில்லை. புரொப்பல்லர் இறக்கை வளைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். மோட்டார் நடுவில் நேராக மாட்டியிருக்கிறதா, ஐஸ் பெட்டியும் வலையும் ஒரே பக்கம் குவிந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் தகட்டைக் காட்டி, "எந்தப் பக்கம் இஸ்குது?" என்றார்.

"வலது."

"அப்போ இதோட வாலையும் வலது பக்கமே திருப்பு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலது பக்கம் இழுக்கிற படகுக்கு வலது பக்கமே வாலா? செல்போனில் அந்த மோட்டாரின் இங்கிலீஷ் கையேட்டைத் தேடிப் படித்தேன். அட்சரம் பிசகாமல் நைனா சொன்னதேதான்! யோசித்தால் புரிகிறது. வால் வலது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், ஓடி வருகிற தண்ணீர் அதன் வலது முகத்தில் மோதி அதை இடது பக்கம் தள்ளும். தகடு போகிற பக்கம் மோட்டாரின் பின்பக்கமும் போகும். மோட்டாரின் பின்பக்கம் இடது பக்கம் போனால் படகின் மூக்கு இடது பக்கம் திரும்பும். இரண்டும் கழிந்து படகு நேர்.

விடியற்காலை, காற்று எழும்புவதற்கு முன்னால் ஆற்றில் இறங்கினோம். அதே ஆட்கள், அதே பாரம், ஒரே வேகம். போகும்போது ஒரு தரம், திரும்பும்போது ஒரு தரம். இல்லாவிட்டால் நீரோட்டம் நம்மை ஏமாற்றிவிடும் என்றார் நைனா. மோட்டாரை நிறுத்தி, தூக்கி, போல்ட்டைத் தளர்த்தி, மயிரிழை திருப்பி, இறுக்கி மறுபடி ஓட்டம். முதல் தடவை கொஞ்சம் குறைந்தது. இரண்டாவது தடவை அதிகமாகி இடது பக்கம் இழுத்தது. மூன்றாவது தடவை மாமா கைப்பிடியைத் தளர்த்தினார். இரண்டு விரல் மட்டும் அதன் மேல். படகு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆன மொத்தச் செலவு: நைனாவுக்குச் சொற்பக் கூலி, இரண்டு பொறை, மூன்று டீ.

நைனா விட்டாரா? அக்கா மகனைக் கூப்பிட்டு, தகட்டிலிருந்த பெயிண்ட்டைப் பூராவும் சுரண்டி எடுக்க வைத்தார். அந்தத் தகடு துத்தநாகம். உப்புத் தண்ணீர் மோட்டாரின் அலுமினியத்தை அரிக்காமல் இருக்க, முதலில் தன்னைத் தின்னக் கொடுக்கும். பெயிண்ட் அடித்தால் அந்த வேலை நடக்காது. "அது கரையணும்டா. கரைஞ்சா மாத்திக்கலாம். மோட்டாரு கரைஞ்சா இன்னா பண்ணுவே?" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு சுரண்டினான். ஏனோ எனக்கு அடுக்களைப் பக்கம் பார்வை போனது.

மாமாவின் தோள் ஒரே நாளில் இளமை திரும்பிவிடவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறார். செய்யாத நாளில் அக்கா செய்ய வைக்கிறாள். மணல் மேடும் அங்கேயேதான் இருக்கிறது. அதை நகர்த்த எந்த ஸ்பேனரும் இல்லை. ஆனால் வாட்ச்மேன் பேச்சு நின்றுவிட்டது.

கையேட்டில் அந்தப் பாடம் ஒரே ஒரு பக்கம்தான் சார். அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சடித்து மோட்டாரோடு கொடுத்தால் கம்பெனிக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பாட்டில் தைலத்தின் விலைகூட வரவில்லை!