கச்சேரி பேசும் அன்றே பாதிக் கச்சேரி முடிந்துவிடும்

திருமண வரவேற்புக்கு மெல்லிசைக் கச்சேரி பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் ஆரம்பிப்பார்கள்: "எவ்வளவு சார் ஆகும்?" நான் பதிலுக்கு, "எந்த மண்டபம்?" என்று கேட்பேன். தொகையைச் சொல்லாமல் நழுவுகிறான் என்று சிலர் நினைத்துக்கொள்வதுண்டு. மண்டபம் எதுவென்று கேட்காமலே தொகை சொல்கிறவர், எல்லாக் கல்யாணத்திலும் வாசிப்பதையே உங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் வாசித்துவிட்டுப் போய்விடுவார்.

கீபோர்டு வாசிப்பது என் வேலை. குழுவை நடத்துவதும் பார்ட்டியோடு பேசி முடிப்பதும் பிற்பாடு தலையில் வந்து விழுந்தவை. மேடை ஏறி ஏறி நான் தெரிந்துகொண்டது இதுதான்: கச்சேரி அமைவதும் சொதப்புவதும் பாதிக்கு மேல் பேசி முடிக்கும் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.

மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய ஏ.சி. மண்டபங்களில் தரை முழுக்க டைல்ஸ், பக்கவாட்டில் கண்ணாடி. சத்தத்தை வாங்கிக்கொள்ள அங்கே எதுவுமில்லை. மதியம் காலி மண்டபத்தில் சவுண்ட் செக் செய்தால் டிரம்ஸின் ஒவ்வோர் அடியும் இரண்டாகத் திரும்பி வரும். சாயங்காலம் ஜனம் நிறைந்ததும் அத்தனை உடம்பும் உடுப்பும் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ள, அதே ஒலி அமுங்கிப்போகும். அதனால் மதியம் மிக்சரில் வைத்தது மாலைக்கு உதவாது. கச்சேரி முடியும்வரை மிக்சரை விட்டு நகராத ஓர் ஆள் வேண்டும். ஸ்பீக்கரை இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிற சவுண்ட் சர்வீஸ்காரர் அமைந்தால், எவ்வளவு பெரிய பாடகரை அழைத்து வந்தும் பயனில்லை.

ஸ்பீக்கர் எங்கே என்பதும் முன்கூட்டியே பேச வேண்டிய விஷயம். பெரிய பெட்டிகள் இரண்டை மேடை ஓரத்தில் நிறுத்தி முழங்கவிடுவதுதான் வழக்கம். அதற்கு நேர் எதிரே சோபாவில் உட்காருகிறவர்கள் தாத்தா பாட்டிகள். அவர்கள் காதைப் பொத்திக்கொள்ள, கடைசி வரிசைக்கோ பாட்டின் சொல்லே விளங்காது. அதே சக்தியைப் பிரித்து, சிறிய பெட்டிகளாக மண்டபத்தின் பாதித் தூரத்திலும் இரண்டு வைத்தால் சத்தம் ஏறாமலே பாட்டு தெளிவாகக் கேட்கும். வரவேற்புக்கு வருகிறவர்கள் பேசிக்கொள்ளவும் வருகிறார்கள். வெகுநாள் பார்க்காத சித்தப்பாவிடம் நலம் விசாரிக்கக் கத்த வேண்டியிருந்தால், அந்தக் கச்சேரி என்னைப் பொறுத்தவரை தோல்விதான். "தம்பி, சவுண்டைக் கொஞ்சம் குறைங்கப்பா" என்று யாரும் வந்து சொல்லாத வரவேற்பை நான் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.

மின்சாரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மேடை அலங்கார விளக்குகளின் டிம்மரும் எங்கள் ஆம்ப்ளிஃபயரும் ஒரே ஃபேஸில் இருந்தால், ஸ்பீக்கரில் வண்டு ரீங்காரம் போல ஓர் இரைச்சல் ஓயாமல் இருக்கும். இசைக்கருவிகளுக்குத் தனி ஃபேஸ், சரியான எர்த், ஜெனரேட்டருக்கு மாறும்போது யார் சொல்வார்கள் என்பது, இந்த மூன்றையும் மண்டப எலக்ட்ரீஷியனிடம் முதல் நாளே பேசிவிட்டால் போதும்.

அடுத்தது ஆட்கள். "கீபோர்டு ஒண்ணு, ரிதம் பேடு ஒண்ணு இருந்தா எல்லாச் சத்தமும் வந்துடுமே சார், எதுக்கு இத்தனை பேர்?" என்பார்கள். வரும், ஆனால் உயிர் இருக்காது. இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனி மெட்டாகவே நடந்துகொண்டிருக்கும். பேஸ் வாசிக்கிறவர் இல்லாமல் அவற்றை எடுத்தால் பாட்டு அந்தரத்தில் தொங்கும். எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்துப் பாட்டுக்குத் தபேலாவும் புல்லாங்குழலும் ஆளாக உட்கார்ந்திருந்தால்தான் அந்தக் குழைவு கிடைக்கும். குத்துப் பாட்டுகளை மட்டும் பேடை நம்பி ஒப்பேற்றிவிடலாம்.

ஆளைக் குறைக்கச் சொன்னால் சில குழுக்கள் ட்ராக்கைப் போட்டு ஓட்டிவிடும். இசை முழுக்கப் பதிவாக ஓட, பாடகர் மட்டும் நேரில் பாடுவார். மற்றவர்கள் கையை அசைத்துக்கொண்டிருப்பார்கள். சொல்லிவிட்டுச் செய்தால் அதில் தப்பில்லை, தொகையும் குறையும். நேரில் வாசிக்கும் கூலியை வாங்கிக்கொண்டு ட்ராக் போடுவதுதான் தப்பு. ஆகவே "ட்ராக் போடுவீங்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ட்ராக்கின் பெரிய குறை, அது யாருக்காகவும் காத்திருக்காது. பாதிப் பாட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் வந்து நின்றால், நாங்கள் கண்ணால் பேசிக்கொண்டு இடையிசையை இன்னொரு சுற்று சுற்றுவோம். அவர்கள் மேடையேறும் நேரத்துக்குச் சரியாகப் பல்லவிக்குத் திரும்புவோம். நேரடிக் கச்சேரிக்கு நீங்கள் கொடுக்கும் காசு இந்தச் சுதாரிப்புக்குத்தான்.

பாட்டுப் பட்டியலுக்கு வருவோம். ஒரு பாட்டு நாலரை, ஐந்து நிமிடம். நடுவில் அறிவிப்பு, வாழ்த்து, ஷ்ருதி மாற்றம் என்று போக, மூன்று மணி நேரத்தில் முப்பது பாட்டு வந்தால் பெரிது. கச்சேரியன்று மதியம் பெண்ணின் தோழிகள் வாட்ஸ்அப்பில் ஐம்பது பாட்டு அனுப்புவார்கள், அதில் பாதி போன மாதம் வெளிவந்த படங்களில் இருக்கும். புதிய பாட்டுக்கு நோட்ஸ் எழுத வேண்டும், கீபோர்டில் அந்த ஒலிகளை அமைக்க வேண்டும், பாடகியின் கட்டைக்கு ஏற்றியோ இறக்கியோ பார்க்க வேண்டும். ஒரு வாரம் முன்னால் பத்துப் பாட்டைச் சொல்லுங்கள். மீதியை எங்களிடம் விட்டுவிடுங்கள், கூட்டத்தைப் பார்த்து நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

கூட்டம் பார்ப்பது என்பது தனிக் கலை. ஆறரை மணிக்கு வருகிறவர்கள் பெரியவர்கள். பக்திப் பாட்டில் தொடங்கிக் கண்ணதாசன் காலத்துக்குப் போய்விட வேண்டும். முஸ்லிம் வீடென்றால் நாகூர் ஹனீபாவின் பாட்டை எதிர்பார்ப்பார்கள், கிறித்தவ வீட்டில் வேறு தொடக்கம் இருக்கும். கேட்டு வைத்துக்கொள்வது மரியாதை. ஏழரைக்குப் பந்தி போட்டதும் நாற்காலிகள் பாதி காலியாகும். அந்த நேரத்தில் மெல்லிய பாட்டுகளை ஓடவிட்டு, பாடகர்களின் தொண்டைக்கு ஓய்வு கொடுப்போம். ஒன்பது மணிக்கு நண்பர் பட்டாளம் மேடைக்கு முன்னால் வந்து நின்றதும் கச்சேரி இன்னொரு பிறவி எடுக்கும். இந்த வரிசையைக் குலைத்து ஆறே முக்காலுக்கே குத்துப் பாட்டுக் கேட்டால், ஆட ஆளிருக்காது.

மேடைக் கச்சேரியை மட்டமாக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1976இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால் இளையராஜா சகோதரர்கள் ஊர் ஊராக மேடைகளில் வாசித்தவர்கள், எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவிலும் இருந்தவர்கள். கூட்டத்தின் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் இந்த மேடைதான்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. அடைத்த மண்டபத்துக்குள்ளேயே கேட்கும்படி வைப்பதற்கு விலக்கு உண்டு. புல்வெளி வரவேற்புக்கு அது கிடையாது. ஆகவே திறந்தவெளி என்றால் பத்து மணிக்கு முடியும்படி திட்டமிடுங்கள். காப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆவது பிரிவு, திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களில் பாடுவதற்கு விலக்கு அளிக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதை மறுபடியும் தெளிவுபடுத்தியது. கம்பெனி ஆண்டு விழாவுக்கு அந்த விலக்கு பொருந்தாது. அதற்கு உரிமம் வாங்குவது யார் பொறுப்பு என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டியவை வேறு சிலவும் உண்டு: தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஆட்களின் எண்ணிக்கை, சவுண்டும் வேனும் தொகைக்குள் அடங்குமா, பாக்கிப் பணத்தை யார் எப்போது கொடுப்பார். பாக்கிக்காக இரவு பதினோரு மணிக்குப் பெண்ணின் அப்பாவைத் தேடிப் போவது எங்களுக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். விவரம் தெரிந்த ஒரு மாமாவையோ மச்சானையோ எங்களோடு பேசுவதற்கென்று நியமித்துவிடுங்கள். கடைசிப் பாட்டு முடிவதற்குள் பந்தியை மூடிவிடுவார்கள், எங்களுக்கும் நாலு இலை ஒதுக்கி வைக்க அவரே சொல்லிவிடுவார்.

பேரம் பேசுங்கள், தப்பே இல்லை. ஆனால் ஆளைக் குறைத்துப் பேசாதீர்கள், நேரத்தைக் குறைத்துப் பேசுங்கள். நாலு பேர் நாலு மணி நேரம் இழுப்பதைவிட, எட்டுப் பேர் இரண்டு மணி நேரம் நிறைவாக வாசிப்பதுதான் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழகு. முடிந்தால், பேசி முடிப்பதற்கு முன் அந்தக் குழு வாசிக்கும் வேறொரு வரவேற்பில் அரை மணி நேரம் பின்வரிசையில் நின்று கேட்டுவிட்டு வாருங்கள். யூடியூப் வீடியோவில் தெரியாதது அங்கே தெரிந்துவிடும்.