ஆரம்மாளின் பேத்தி

மதுரையை அடுத்த சக்கிமங்கலம் என்னும் சிற்றூரில் 1998-ஆம் ஆண்டு பிறந்தவர் ரேவதி. ஆறு வயது நிறைவதற்குள் பெற்றோர் இருவரையும் இழந்தார். தந்தை வீரமணி வயிற்று நோயால் மறைந்தார்; ஆறு மாதங்கள் கழித்துத் தாயையும் மூளைக் காய்ச்சல் கொண்டுசென்றது. ரேவதிக்குத் தங்கை ஒருத்தியும் உண்டு. இரு குழந்தைகளையும் ஏற்றுக்கொண்டவர் தாயைப் பெற்ற பாட்டி ஆரம்மாள். பிறர் வயல்களிலும் செங்கல் சூளைகளிலும் கூலி வேலை செய்து வாழ்ந்தவர் அவர்.

சிறுமிகளை வேலைக்கு அனுப்பிவிடுமாறு சிலர் அவருக்கு யோசனை கூறினர். நம் ஊர்ப்புறங்களில் இந்த யோசனை எத்துணைப் பரிவோடு கூறப்படும் என்பதை வாசகர்கள் அறிவர். எங்கள் மம்சாபுரத்துக்கு இராசபாளையம் பக்கம். அங்கே நூற்பாலைகளுக்குக் குறைவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, விடியற்காலையில் ஆலைப் பேருந்துக்குக் காத்து நின்ற பெண் பிள்ளைகளை நான் ஆசிரியப் பணியில் இருந்த காலமெல்லாம் கண்டிருக்கிறேன். அவர்களைப் பெற்றவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். வீட்டுக் கணக்கு அப்படி இருந்தது. ஆரம்மாள் வீட்டுக் கணக்கோ அதனினும் மோசமானது. ஆயினும் பேத்தியர் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று அந்த மூதாட்டி உறுதியாக இருந்துவிட்டார். அரசு விடுதியில் தங்கி இருவரும் படித்தனர்.

பள்ளி இறுதியாண்டுகளில் ரேவதி ஓடுவதைக் கண்ணுற்ற பயிற்சியாளர் கண்ணன், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தைச் சேர்ந்தவர். பயிற்சிக்கு அனுப்பப் பாட்டி முதலில் தயங்கினார். பேத்தியை வளர்த்து ஆளாக்குவதே பெரும்பாடாக இருக்கையில் ஓட்டம் எதற்கு என்று எண்ணியிருக்கலாம். கண்ணன் விடாமல் பேசி இசைய வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழி செய்தார். காலணி வாங்கவும் வசதியின்றி வெறுங்காலோடு ஓடிய ரேவதி, 2016-ஆம் ஆண்டு தேசிய இளையோர் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 2019-இல் பாட்டியாலாவில் நடைபெற்ற தேசியப் பயிற்சி முகாமுக்குத் தெரிவானார். அங்கே பயிற்சியளித்த கலினா புகாரினா என்னும் அம்மையாரின் அறிவுரைப்படி 400 மீட்டர் ஓட்டத்துக்கு மாறினார். இடையே மதுரையில் இரயில்வே வேலையும் கிடைத்தது. 2021-இல் முழங்கால் காயத்தால் சில போட்டிகள் கைநழுவிப் போயின. எனினும் சூலையில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 53.55 விநாடிகளில் முதலாவதாக வந்து டோக்கியோ ஒலிம்பிக்கிற்குப் புறப்பட்டார்.

ஆடவர் இருவரும் பெண்டிர் இருவரும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடர் ஓட்டம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. தொடர் ஓட்டத்தில் கால்களின் வேகம் மட்டும் போதாது. ஏறக்குறைய ஒரு முழங்கூட நீளமில்லாத அந்தக் குழாய்த் தடி, குறித்த எல்லைக்குள் கைமாற வேண்டும். 1936-இல் பெர்லினில் செருமானியப் பெண்கள் முதற்சுற்றில் உலகச் சாதனை படைத்தனர். இறுதிப் போட்டியிலும் வெகுதூரம் முன்னே சென்றனர். கடைசி மாற்றத்தில் இல்சே டார்ஃபெல்ட் கையிலிருந்து தடி நழுவிக் கீழே விழுந்தது. வெற்றி அமெரிக்கப் பெண்களைச் சேர்ந்தது. நால்வருள் மிக விரைந்தவரின் விரைவும் அங்கே பயன்படவில்லை.

டோக்கியோவில் 2021 சூலை 30 அன்று முகம்மது அனஸ் கொணர்ந்த தடியை ரேவதி வாங்கினார். சுபா வெங்கடேசன் கையில் சேர்த்தார். இறுதியில் ஆரோக்கிய ராஜீவ் ஓடினார். நால்வரில் மூவர் தமிழ்நாட்டினர். தடி விழவில்லை. எனினும் அந்தச் சுற்றில் இந்தியா எட்டாவதாக, அதாவது கடைசியாக வந்தது. நேரம் 3 நிமிடம் 19.93 விநாடி. மறுநாள் போலந்து 3 நிமிடம் 9.87 விநாடியில் தங்கம் வென்றது. பத்து விநாடி இடைவெளி சிறிதன்று. அதை மறைத்துப் புகழ்வது ரேவதிக்கே பெருமை ஆகாது. ஆனால் எழுபது வயதைக் கடந்த ஒரு கூலித் தொழிலாளிப் பெண் தனியொருத்தியாய் வளர்த்த குழந்தை அந்தக் கோட்டில் நின்றாள் என்பதை எந்தக் கடிகாரத்தால் அளப்பது? தங்கையும் படித்துச் சென்னையில் காவல் பணியில் சேர்ந்தாள்.

இதையெல்லாம் நான் வீட்டில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி வட்டார அளவில் 200 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள். விளையாட்டு விடுதிக்கு மனுப் போடும்படி உடற்பயிற்சி ஆசிரியை வீடு தேடி வந்து சொன்னார். மருமகளுக்குச் சம்மதம். என் மனைவிக்கோ பெண் பிள்ளையை வெளியூர் விடுதியில் விடுவதா என்ற கலக்கம். அரைக்கால் சட்டை பற்றியும் அவளுக்குக் குறை உண்டு. ஆரம்மாள் பாட்டியும் தயங்கியவர்தாம் என்றேன். "அவுக பேத்திக்கு அப்பா இல்ல, இவளுக்கு இருக்காரே, அவரைக் கேளுங்க" என்றாள். அதுவும் நியாயமே. மனுவில் பெற்றோர் கையொப்பமிடும் இடம் வெறுமையாக இருக்கிறது. திருப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் சனிக்கிழமை இரவு வண்டியில் வருகிறான்.